பேடைத் தட்டினால் சத்தம் வரவில்லையா? டிரம் மென்பொருளும் கன்ட்ரோலரும் மக்கர் பண்ணும்போது பார்க்க வேண்டிய இடங்கள்

லேப்டாப்பில் டிரம் மென்பொருளை ஓட்டி, பதினாறு ரப்பர் பேடு உள்ள கன்ட்ரோலரை யூஎஸ்பியில் மாட்டி வாசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் இன்னிசைக் கச்சேரிக் குழுக்களிலும் சர்ச் கொயரிலும் வீட்டு ஸ்டுடியோவிலும் இந்தச் சாமானை வைத்திருக்கும் தம்பிகள் நிறைய. சந்தேகம் கேட்டு போன் வருவது மட்டும் எப்போதும் கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான். "அண்ணே, பேடு வேலை செய்யல." என்ன வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு பேடைத் தட்டிக்கொண்டே இரண்டு இடத்தைப் பாருங்கள்: கன்ட்ரோலரின் விளக்கு, மென்பொருளில் அந்தச் சத்தத்துக்கு நேரே உள்ள மீட்டர். விளக்கே இல்லை என்றால் கரண்ட் பிரச்சினை. விளக்கு எரிகிறது, மீட்டர் அசையவில்லை என்றால் கன்ட்ரோலருக்கும் மென்பொருளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மீட்டரும் துள்ளுகிறது, ஆனால் காதில் எதுவும் விழவில்லை என்றால் கன்ட்ரோலரை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு சவுண்ட் கார்டுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, டிரைவரையும் அழித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடலாம்தான். எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நிறைய பேர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது

முதலில் வயர், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும். போன் சார்ஜருடன் வரும் சில வயர்களில் கரண்ட் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதைப் போட்டால் கன்ட்ரோலரில் விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியாது. வயர் நல்லதுதானா என்று பார்க்க, அதே வயரில் போனை மாட்டி லேப்டாப்புக்குப் படம் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலருக்குப் போனின் முனை பொருந்தாது என்றால் பிரிண்டரிலோ பழைய ஹார்டு டிஸ்கிலோ சோதியுங்கள்.

அடுத்தது ஹப். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் தரும், 3.0 போர்ட் 900 தரும். கரண்ட் தனியாக இல்லாத ஹப்பில் கன்ட்ரோலர், மவுஸ், பென் டிரைவ், சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் அந்த 500ஐத்தான் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். பெரிய கலர் திரை உள்ள கன்ட்ரோலருக்கு அது போதாது; பேடுகளில் விளக்கு மங்கும், நாலு பேடைச் சேர்த்துத் தட்டும்போது இணைப்பு அறுந்து ஒட்டும். கன்ட்ரோலரை நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், மவுஸை ஹப்புக்குத் தள்ளுங்கள்.

வாசித்துக்கொண்டே இருக்கும்போது பத்து நிமிடம் ஓய்வு விட்டால் செத்துப்போகிறது, பிடுங்கி மாட்டினால் உயிர் வருகிறது என்றால் அது விண்டோஸ் செய்யும் சிக்கன வேலை. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'கரண்டை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். பவர் பிளானில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருப்பதையும் நிறுத்துங்கள்.

இதெல்லாம் மதுரைக்காரருக்கும் பொருந்தும். நம் கரைக்கு மட்டும் ஒன்று கூடுதலாக உண்டு: உப்பு. பாம்பன், மண்டபம் பக்கம் வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்க, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்த வீட்டில் மேசையில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும், நம் ஊரில் விடியற்காலையில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். அந்தக் கரைசல் யூஎஸ்பி வாய்க்குள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று டார்ச் அடித்துப் பாருங்கள்: தகரக் கூட்டின் ஓரத்தில் பழுப்பாகத் துரு, உள்ளே மஞ்சளாக மின்ன வேண்டிய நாலு பட்டைகளில் ஒன்றிரண்டின் முனையில் பச்சையாக ஒரு படிவு. அந்தப் பச்சை இருந்தால் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

சுத்தம் பண்ண ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், 99 சதவீதம் என்று போட்டது. வயரைப் பிடுங்கிவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியின் முனையில் நூல் பிரியாத துணியைச் சுற்றி நனைத்து, பட்டைகளை நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் உள்ளே போகும். மெக்கானிக் கடையில் துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. எண்ணெய்ப் படலம் நின்று தூசியையும் மணலையும் பிடித்து வைக்கும்.

விளக்கு எரிகிறது, மென்பொருள் கண்டுகொள்ளவில்லை

இங்கே உங்கள் கன்ட்ரோலர் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். மஷீன், எம்பிசி ஸ்டுடியோ போன்றவை தங்களுக்கென்று ஒரு மென்பொருளோடு சொந்த மொழியில் பேசுகிறவை. திரையில் சத்தத்தின் பெயர் தெரிவதும், பேடு அந்த சத்தத்தின் நிறத்தில் ஒளிர்வதும் அதனால்தான். எம்பிடி218 போன்றவை வெறும் மிடி நோட்டு, அதாவது சத்தம் இல்லாமல் எந்தப் பேடு எவ்வளவு வேகமாகத் தட்டப்பட்டது என்ற செய்தி மட்டும் அனுப்புகிறவை. எந்த மென்பொருளோடும் சேரும், ஆனால் எதுவும் தானாக அமையாது.

முதல் வகையில் அடிக்கடி நடப்பது, கன்ட்ரோலர் தெரியாமல் மிடி மோடுக்குப் போய்விடுவது. மஷீன் எம்கே3யில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சேனல் பட்டனை அழுத்தினால் இரண்டு மோடுக்கும் இடையே மாறும். இருட்டு மேடையில் கை பட்டு இது நடந்துவிடும். திரையில் பாட்டின் விவரத்துக்குப் பதில் மிடி என்று காட்டினால் இதுதான், மறுபடி அதே இரண்டு பட்டன். இன்னொன்று, மஷீனைத் தனியாகவும் திறந்து, வேறொரு ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் பிளகினாகவும் திறந்திருந்தால் கன்ட்ரோலர் அந்த நேரத்தில் ஒன்றோடுதான் பேசும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மற்றதாக இருக்கலாம். ஒன்றை மூடுங்கள்.

அதுவும் இல்லை என்றால் விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, என்ஐ ஹோஸ்ட் இன்டகிரேஷன் ஏஜென்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலருக்கும் மென்பொருளுக்கும் நடுவில் தூது போவது அதுதான். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள், ஓடிக்கொண்டிருந்தாலும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். லேப்டாப்பையே அணைத்துப் போடுவதை விட இது வேகம்.

இரண்டாவது வகையில், மென்பொருளின் மிடி செட்டிங்கில் கன்ட்ரோலரின் பெயருக்கு நேரே 'இன்புட்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருக்கிறது, ஆனால் 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்பது போல ஒரு செய்தி வந்தால், விண்டோஸில் மிடி போர்ட்டை நெடுங்காலமாக ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் திறந்துகிடக்கும் இன்னொரு மியூசிக் மென்பொருளோ, கன்ட்ரோலரின் எடிட்டரோ, பிரவுசரில் மிடி அனுமதி கொடுத்த ஒரு பக்கமோ பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு இதை மட்டும் திறங்கள். மேக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

மென்பொருளைத் திறந்த பிறகு கன்ட்ரோலரை மாட்டினால் சிலது கண்டுகொள்ளாது. முதலில் மாட்டு, அப்புறம் திற. வேறு போர்ட்டில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதுச் சாமானாக எடுத்துக்கொண்டு பழைய அமைப்பை விட்டுவிடுவதும் உண்டு, அதனால் கன்ட்ரோலருக்கென்று ஒரு போர்ட்டை ஒதுக்கி அதன் பக்கத்தில் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் துள்ளுகிறது, பாக்ஸில் சத்தம் இல்லை

ஆடியோ செட்டிங்கில் எந்த அவுட்புட் என்று பாருங்கள். நேற்று டிவியில் எச்டிஎம்ஐ மாட்டியிருந்தால் விண்டோஸ் சத்தத்தை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். மஷீன் எம்கே3 போன்றவற்றில் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. மென்பொருள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் சத்தம் கன்ட்ரோலரின் பின்பக்க ஜாக்கில்தான் வரும், லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் காதை வைத்துக்கொண்டிருந்தால் வராது. அதோடு கன்ட்ரோலரிலேயே உள்ள வால்யூம் குமிழையும் பாருங்கள். மைக்செட்காரரிடம் "உங்க சேனல் மியூட்ல இருக்கான்னு பாருங்கண்ணே" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பாட்டே ஒன்றரை சுருதி மேலே போய் வேகமாக ஓடுகிறது என்றால் சாம்பிள் ரேட் (சத்தத்தை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) பொருந்தவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் செய்ததை 48இல் ஓட்டினால் வேகம் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் கூடும், சுருதியும் ஏறும். மென்பொருளிலும் சவுண்ட் கார்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

கிக்கைத் தட்டினால் மணி அடிக்கிறது

பேடு அனுப்பும் நோட்டு எண்ணும் கிட் (டிரம் சத்தங்களின் தொகுப்பு) எதிர்பார்க்கும் எண்ணும் வேறு வேறு. ஜெனரல் மிடி முறையில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை ஹாட் 42, திறந்த ஹை ஹாட் 46, டிரம்ஸுக்குப் பத்தாவது சேனல். பெரும்பாலான கிட் 36இலிருந்து மேல்நோக்கி அடுக்கப்பட்டிருக்கும், ஆகவே கன்ட்ரோலரின் முதல் பேடு (இடது கீழ் மூலை) 36 அனுப்புகிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணையே பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். அதே 36ஐ ஏபிள்டன் லைவ் சி1 என்று காட்டும், எஃப்எல் ஸ்டுடியோ சி3 என்று காட்டும், சிலது சி2 என்று காட்டும். "நான் சி1தான் வச்சிருக்கேன், இருந்தும் வரல" என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான்.

எண் எல்லாம் சரி, நேற்று சரியாக இருந்தது என்றால் பேடு பேங்க் பட்டன் பட்டு இரண்டாம் பேங்குக்குப் போயிருக்கும். எம்பிடி218இல் மூன்று பேங்க், மொத்தம் 48 பேடு. பேங்க் மாறினால் அதே ரப்பர் வேறு நோட்டு அனுப்பும்.

தட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவே இழுக்கிறது

ப்ளூடூத் பாக்ஸா? அப்படியென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வயர் பாக்ஸுக்கு மாறுங்கள். ப்ளூடூத் நூறு, இருநூறு மில்லிசெகண்டு சாதாரணமாக விழுங்கும். பாட்டுக் கேட்கலாம், பேடு வாசிக்க முடியாது.

வயர்தான் என்றால் பஃபர், அதாவது மென்பொருள் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 என்றால் சுமார் 3 மில்லிசெகண்டு, 256 என்றால் 6, 512 என்றால் 12, 1024 என்றால் 23. இதற்கு மேல் டிரைவரும் சவுண்ட் கார்டும் கொஞ்சம் சேர்க்கும். கூட்டிப் பார்த்துப் பத்து மில்லிசெகண்டுக்குள் இருந்தால் விரலுக்குத் தெரியாது, இருபதைத் தாண்டினால் கை தானாக முன்னே ஓடத் தொடங்கும், அப்புறம் மொத்தக் குழுவின் தாளமும் ஓடும். விண்டோஸில் பஃபரைக் குறைக்க அசியோ (சவுண்ட் கார்டோடு தாமதம் குறைவாகப் பேசும் டிரைவர் வகை) வேண்டும். சவுண்ட் கார்டின் சொந்த அசியோ இருந்தால் அதுவே நல்லது, இல்லாவிட்டால் அசியோ4ஆல். சாதாரண விண்டோஸ் டிரைவரை வைத்துக்கொண்டு பஃபரை மட்டும் நகர்த்திப் பயனில்லை.

இதிலும் ஒரு மேடை விஷயம் உண்டு, லேப்டாப்பை நோண்டும் முன் அதைப் பாருங்கள். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு. முளைப்பாரித் திருவிழாவிலோ சந்தனக்கூட்டுக்கோ திடலில் மேடை போட்டு, பாக்ஸ் எல்லாவற்றையும் மேடைக்கு முன்னால் பத்து மீட்டர் தள்ளிக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் மானிட்டர் வைக்காமல் விட்டால் அங்கேயே 30 மில்லிசெகண்டு போய்விட்டது. வீட்டில் இழுக்காதது மேடையில் மட்டும் இழுக்கிறது என்றால் பஃபரைத் தொடாதீர்கள். ஒரு மானிட்டரைக் காலடியில் வாங்குங்கள், அல்லது ஹெட்போன் போடுங்கள்.

பொரிகிற சத்தம், விட்டு விட்டு வருகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்: பஃபரை அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள், லேப்டாப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு படி ஏற்றுங்கள். 256 பல லேப்டாப்புக்கு நடுநிலையான இடம்.

ஏற்றியும் நிற்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். வைஃபை டிரைவர் நடுநடுவே பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்வது விண்டோஸில் பழைய வியாதி. லேட்டன்சிமான் என்ற சின்ன மென்பொருள் எந்த டிரைவர் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், குறிப்பாக பேட்டரியில் ஓட்டும்போது. பேட்டரிக்கு மாறியதும் பல லேப்டாப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் பந்தலுக்குள் லேப்டாப் சூடேறினாலும் இதே கதைதான். அடியில் காற்று போக இரண்டு மரத்துண்டு வையுங்கள், மெத்தை மேல் துணியில் வைக்காதீர்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு அடி விழுகிறது

இரண்டு காரணம், பிரித்துப் பார்ப்பது சுலபம். மெதுவாகத் தட்டினாலும் ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு அடி, சத்தமும் ஒருமாதிரி தகரத்தில் பேசுவது போல மெலிந்து கேட்கிறது என்றால் ஒரே நோட்டு இரண்டு வழியாகப் போகிறது. ரெக்கார்டிங் மென்பொருளில் இரண்டு டிராக் இயக்கத்தில் இருக்கும், அல்லது கன்ட்ரோலர் பிளகினோடு நேராகவும் பேசி, மிடி டிராக் வழியாகவும் பேசிக்கொண்டிருக்கும். ஒரு வழியை அடைத்துவிடுங்கள்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் இரட்டை, அதுவும் இரண்டாவது அடி சின்னதாக என்றால் ரப்பர் துள்ளுகிறது, அல்லது பக்கத்துப் பேடின் அதிர்வு இதில் ஏறுகிறது. சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், திரெஷோல்டை ஏற்றுங்கள். கன்ட்ரோலரை மடக்கு மேசையில் வைத்திருந்தால் முதலில் மேசையை மாற்றுங்கள். மேடைப் பலகையில் கிக் அதிர்வு மேசைக் கால் வழியே ஏறிப் பேடைத் தானே தட்டவைப்பதும் நடக்கிற காரியம், அடியில் பழைய மிதியடி ரப்பரை விரித்தால் நிற்கும்.

எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்; சில பேடு மட்டும் மொக்கை

எல்லாப் பேடும் முழுச் சத்தத்தில் மட்டும் என்றால் ஃபுல் லெவல் அல்லது ஃபிக்ஸ்டு வெலாசிட்டி இயங்குகிறது. விரல் எவ்வளவு மெதுவாகப் பட்டாலும் 127 போகும். அணைத்துவிடுங்கள்.

பதினாறில் இரண்டு மூன்று மட்டும் குத்தினால்தான் கேட்கிறது என்றால் அது உள்ளே பார்க்க வேண்டிய வேலை. ரப்பருக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய தாள் இருக்கிறது. அழுத்தினால் அதன் மின்தடை குறையும், அந்தக் குறைவைத்தான் கன்ட்ரோலர் தட்டின் வேகம் என்று கணக்கிடுகிறது. நடுவே உப்போ மணலோ வியர்வையோ புகுந்துவிட்டால் தொடர்பு மந்தமாகிவிடும். அதிகம் அடி வாங்கும் இடது கீழ் மூலை, கிக்கும் ஸ்னேரும் இருக்கும் இடம், முதலில் போவதும் அதனால்தான்.

வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள். முடிந்துவிட்டது என்றால் வயரைப் பிடுங்கி, அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது எது எந்தத் துளை என்று போனில் படம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். ஸ்க்ரூ தலையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். ரப்பர் விரிப்பு மொத்தமாக ஒரே துண்டாக வரும். அதைத் தனியே எடுத்து லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். அடிப்பக்கம் கறுப்புக் கார்பன் பூச்சு இருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது. தாளையும் போர்டையும் ஐசோபுரோப்பைலில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். ரிப்பன் கேபிளைத் தூக்கும் முன் அதன் சின்னப் பூட்டுத் தாழைத் திறக்க வேண்டும், இழுத்தால் பிய்ந்துவிடும், அப்புறம் நானும் உதவ முடியாது. சுத்தம் செய்தும் ஒரு பேடு மந்தமாகவே இருந்தால் அந்த ரப்பரின் அடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னச் சதுரமாக வெட்டி ஓர் அடுக்கு ஒட்டிப் பாருங்கள். பழைய எம்பிசிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது, உயரம் கூடுவதால் அழுத்தம் சீக்கிரம் போய்ச் சேரும்.

மூடும்போது பையில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கச்சேரி முடிந்து விடியற்காலையில் லோடு வண்டியின் மேல் தார்ப்பாய்க்கு அடியில் கன்ட்ரோலரைப் போட்டுக் கொண்டுவரும் வழக்கத்தை விட்டுவிட்டால் பாதி சர்வீஸ் செலவு மிச்சம்.

குவான்டைஸ் போட்டதும் தெம்மாங்கு செத்துப்போகிறது

இதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை, "நமக்கு வாசிக்க வரல போல" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கையில் குற்றம் இல்லை. குவான்டைஸ் என்றால் வாசித்த அடிகளை மென்பொருள் தாளக் கட்டத்துக்கு இழுத்து உட்காரவைப்பது. மென்பொருள் திறக்கும்போதே நாலுக்கு நாலு, பதினாறில் ஒரு பங்குக் கட்டம் என்று வந்து நிற்கும். அதாவது தாளத்தின் ஒரு தட்டை நாலாகப் பிரிக்கும் கட்டம். நம் கும்மியும் தெம்மாங்கும் பெரும்பாலும் திஸ்ர நடை, ஒரு தட்டுக்கு மூன்று. மூன்றை நாலு குழியில் தள்ளினால் எங்கே உட்காரும்?

கணக்காகப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 600 மில்லிசெகண்டு. திஸ்ரத்தில் இரண்டாவது அடி 200இலும் மூன்றாவது 400இலும் விழ வேண்டும். கட்டத்தில் இருக்கும் இடங்களோ 0, 150, 300, 450. குவான்டைஸ் 200இல் விழுந்ததை 150க்கு இழுக்கும், 400இல் விழுந்ததை 450க்குத் தள்ளும். இரண்டிலும் 50 மில்லிசெகண்டு பிசகு, அதுவும் எதிரெதிர் திசையில். தாளம் நொண்டுவது அதனால்.

சரிசெய்ய இரண்டு வழி. குவான்டைஸ் கட்டத்தை 1/8 டிரிப்லெட்டுக்கு மாற்றுங்கள், சில மென்பொருளில் 1/8டி என்று இருக்கும். மெட்ரோனோம் ஒவ்வொரு தட்டிலும் விழும், ஒரு தட்டுக்கு மூன்று இடம் கிடைக்கும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னொன்று, டைம் சிக்னேச்சரையே 6/8 ஆக்குவது. அதில் பல மென்பொருள் வேகத்தைக் கால் நோட்டை வைத்தே எண்ணும், உங்களுக்கு 100 தட்டு வேண்டுமென்றால் அங்கே 150 என்று கொடுக்க வேண்டும். இது தெரியாமல் 100 வைத்துவிட்டு, பாட்டு ஒப்பாரி மாதிரி போகிறது என்பார்கள்.

கண்ட சாப்பு, மிஸ்ர சாப்பு வாசிக்கிறவர்கள் பேட்டர்ன் நீளத்தை மாற்றாமல் விட்டால் முதல் சுற்று சரியாக இருக்கும், இரண்டாம் சுற்றிலிருந்து இடம் நழுவும். எட்டு அரைக்கால் நோட்டு (1/8) நீளம் என்று இருப்பதை ஐந்தாகவோ ஏழாகவோ குறைத்துவிட்டு அப்புறம் ரெக்கார்டு போடுங்கள்.

கட்டத்தைச் சரியாக வைத்த பிறகும் நூறு சதவீதம் குவான்டைஸ் போட்டால் பறைக்குரிய அந்தத் தள்ளாட்டம் போய்விடும். பாதி அளவு போடுங்கள். மஷீனில் இதற்கென்றே ஷிஃப்டோடு ஆறாவது பேடில் 50 சதவீதக் குவான்டைஸ் இருக்கிறது. ரெக்கார்டு செய்யும்போதே தானாகக் குவான்டைஸ் ஆகும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். வாசித்ததை அப்படியே வைத்திருந்தால் பிறகு எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம்.

சின்னச் சின்னது

விரலை எடுத்ததும் சத்தம் அறுகிறது: சாம்பிள் (பதிவு செய்த சத்தம்) ஒரு தட்டுக்கு முழுதும் ஒலிக்கும் ஒன்-ஷாட்டில் இல்லை, விரல் இருக்கும்வரை மட்டும் ஒலிக்கும் முறையில் இருக்கிறது. மாற்றுங்கள். திறந்த ஹை ஹாட் மூடியதற்குப் பிறகும் இரைந்துகொண்டே இருக்கிறது: இரண்டையும் ஒரே சோக் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும் குழு) போடுங்கள், சிலது மியூட் குரூப் என்னும்.

ப்ளே அழுத்தினால் எதுவும் ஓடவில்லை, பட்டன் மட்டும் மினுக்குகிறது: மென்பொருள் வெளியிலிருந்து கடிகாரம் வரும் என்று காத்திருக்கிறது. சிங்க் எக்ஸ்டர்னலில் இருந்தால் இன்டர்னலுக்கு மாற்றுங்கள். கீபோர்டையும் சேர்த்து ஓட்டும் குழுவில் இரண்டில் ஒன்றுதான் கடிகாரம் அனுப்ப வேண்டும்.

கிட் திறக்கிறது, சாம்பிள் காணோம் என்கிறது: வெளி டிஸ்கில் வைத்திருந்தீர்கள், விண்டோஸ் நேற்று 'இ' என்றதை இன்று 'எஃப்' என்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்தை நிரந்தரமாக ஒதுக்கலாம். அதைவிட, புராஜெக்டைச் சாம்பிளோடு சேர்த்துச் சேமிப்பது பாதுகாப்பு. லைவில் கலெக்ட் ஆல் அண்ட் சேவ், எஃப்எல்லில் ஜிப் பண்ணிய புராஜெக்ட், மஷீனில் சேவ் வித் சாம்பிள்ஸ்.

ம்ம்ம்… என்று இரைச்சல்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் லேப்டாப்பும் மிக்சரும் வெவ்வேறு பாதையில் எர்த் ஆகி வட்டமிடுகின்றன. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது, பேடுக்கோ மென்பொருளுக்கோ சம்பந்தமில்லை. லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் நடுவில் எர்த் லிஃப்ட் பட்டன் உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள், மைக்செட்காரரிடம் இருக்கும்.

சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுவது நம் பக்கம் சர்வ சாதாரணம், இரைச்சலும் நிற்கும். கடற்கரை மணலில் போட்ட மேடையில், ஈரக் காலோடு, ஜெனரேட்டர் கரண்டில் அப்படி ஓட்டாதீர்கள். டிஐ பாக்ஸ் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால் லேப்டாப்பை முழு சார்ஜோடு கொண்டுபோய், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, பாட்டு நடக்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள், நாட்டாமை பேசும் இடைவேளையில் சார்ஜர் மாட்டிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் பேட்டரி தாங்கும், கன்ட்ரோலரும் அணையாது.